ஒரு புள்ளி, 30 மீற்றர்: அறிவியல் படங்களுக்குள் பென்சில் வந்த கதை

போன பெருநாள் விடுமுறையில் எங்கட வட்டத்தில் நாலு பேர் ஒரு லெப்டொப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒலுவில் கரையை அளந்தோம். அளந்தோம் என்றால், கடற்கரைக்குப் போய் நாடா பிடிக்கல்ல. லேண்ட்சாட் செய்மதி எடுத்த இரண்டு படங்களை இறக்கி, இமேஜ்-ஜே என்ற மென்பொருளில் திறந்தோம். ஒன்று துறைமுகம் கட்டத் தொடங்குவதற்கு முந்தியது. மற்றது கட்டி முடிந்து சில வருசங்களுக்குப் பிந்தியது. கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கு என்று நாங்களே ஒருதரம் கணக்குப் பார்ப்போம் என்பதுதான் திட்டம்.

கணக்கு வந்தது. நிலம் கூடியிருக்கு என்று வந்தது!

ஒலுவிலில் தென்னைகள் வேரோடு கடலில் சாய்ந்து கிடந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். ஆனால் கணினி சொல்கிறது, கரை நெடுக நிலம் கடலுக்குள் வளர்ந்திருக்கு என்று. துறைமுகத்தோடு சம்பந்தமே இல்லாத தூரத்துக் கரையிலும் அப்படித்தான். அங்கெல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு, 30 மீற்றர். கடல் அரித்த இடங்களிலும் அரிப்பு அதே 30 மீற்றரால் குறைந்து தெரிந்தது. இயற்கை இப்படி அடிமட்டம் வைத்து வேலை செய்யாது. பிழை எங்கட கையில் என்று அப்பதான் விளங்கியது.

எங்களில் ஒருவர், கரை தெளிவாகத் தெரியட்டும் என்று, பென்சில் கருவியால் வெள்ளைக் கோடு இழுத்திருந்தார். பழைய படத்தில் கோட்டின் அகலம் 1 புள்ளி. புதிய படத்தில் 3 புள்ளி. இந்தப் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். நாங்கள் எடுத்தது அகச்சிவப்புப் பட்டை. அதில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும், தரை வெளிச்சமாகத் தெரியும். "வெளிச்சமான புள்ளியெல்லாம் நிலம், எண்ணு" என்று கணினிக்குச் சொன்னோம். அது எங்கட வெள்ளைக் கோட்டையும் நிலமாக எண்ணிவிட்டது. அகலக் கோடு கடல் பக்கம் ஒரு புள்ளி கூடுதலாக விழுந்திருந்தது. அந்த ஒரு புள்ளிதான் எங்கட 30 மீற்றர் புது நிலம்.

போதாக்குறைக்கு மூலப்படத்தின் மேலேயே சேமித்தும் விட்டோம். இமேஜ்-ஜேயில் 'அன்டூ' ஒரே ஒரு படிதான் பின்னுக்குப் போகும். திரும்பப் படத்தை இறக்க வேண்டியதாயிற்று.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அளப்பதற்கென்று செய்த மென்பொருளுக்குள், அளக்கிற பொருளையே மாற்றிவிடக்கூடிய ஒரு பென்சில் எதுக்கு? அதை யார், எப்ப, ஏன் கொண்டுவந்து வைத்தார்கள்? தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு அடிப்படை. கணினிக்குப் படம் என்பது படம் இல்லை, எண்களின் அட்டவணை. சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். 0 கறுப்பு, 255 வெள்ளை. மருதமுனைப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கைத்தறிப் பூவைச் சதுரக் கோட்டுக் கொப்பியில் வரைந்தால், ஒவ்வொரு கட்டமும் பாவு நூலும் ஊடு நூலும் சந்திக்கிற ஓர் இடம். கட்டத்தை மாற்றினால் துணி மாறும். அறிவியல் படத்திலும் அதே கதைதான். புள்ளியை மாற்றினால், அளந்த எண்ணையே மாற்றியதாகும்.

1957இல் அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகத்தில் ரஸல் கிர்ஷ் என்பவர் தன் கைக்குழந்தையின் நிழற்படத்தை வருடிக் கணினிக்குள் ஏற்றினார். பக்கத்துக்கு 176 புள்ளி, மொத்தம் 30,976 புள்ளிகள். கணினிக்குள் போன முதல் நிழற்படம் அதுதான். 'பிக்சல்' என்ற சொல் அச்சில் வந்தது 1965இல். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடத்தில் இருந்த பிரெட் பில்லிங்ஸ்லி எழுதிய கட்டுரைகளில் வந்தது.

அதே ஆய்வுகூடத்தில் அதே 1965 ஜூலையில் நடந்த ஒரு விசயம் எங்களுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. மரைனர்-4 என்ற விண்கலம் செவ்வாயைக் கடந்து போகும்போது படம் எடுத்தது. ஒரு படத்துக்கு 200க்கு 200 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் 64 நிலைகளில் ஒன்று. அது பூமிக்கு வந்து சேர்ந்த வேகம் செக்கனுக்கு 8 பிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு படம் வந்து முடிய ஏறக்குறைய 8 மணித்தியாலம். கலத்தின் பதிவு நாடா ஒழுங்காக வேலை செய்ததா என்ற பதற்றம் பொறியியலாளர்களுக்கு. ரிச்சர்ட் கிரம் என்பவரும் கூட இருந்தவர்களும், வந்துகொண்டிருந்த எண்களைத் தாள் நாடாவில் அச்சடித்து, நாடாக்களைப் பக்கம் பக்கமாகச் சுவரில் பொருத்தி, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று தீர்மானித்து, பாஸ்டல் குச்சிகளால் கட்டம் கட்டமாகத் தீட்டினார்கள். கணினி தன் படத்தைத் தருமுன்னமே செவ்வாயின் விளிம்பு அந்தச் சுவரில் வந்துவிட்டது.

அறிவியலில் புள்ளி புள்ளியாக வரைந்த வேலை, நாங்கள் அறிந்த அளவில், இப்படித்தான் தொடங்குகிறது. அது பொய் ஆகல்ல. ஏன்? நிறத்துக்கு அடியில் எண் அப்படியே இருந்தது. தீட்டியவர் எந்த எண்ணுக்கு எந்த நிறம் கொடுத்தார் என்பதும் தெரியும். விரும்பினவர் போய் ஒத்துப் பார்க்கலாம். இந்தச் சுவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணினித் திரையிலேயே நிறம் தீட்டுகிற ஆரம்பகாலக் கருவிகளில் ஒன்று 1973இல் வந்தது. கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுநிலையத்தில் ரிச்சர்ட் ஷூப் செய்த சுப்பர்பெயின்ட், 640க்கு 480 புள்ளித் திரையில் நிறம் தீட்ட விட்டது. ஆனால் அது ஒரு ஆய்வுகூடத்துப் பொருள். சாதாரண ஆட்களின் மேசைக்கு வந்தது 1984இல், மக்கின்டொஷ் கணினியோடு வந்த மக்பெயின்ட் வழியாக. அதை எழுதியவர் பில் அட்கின்சன். பென்சில், தூரிகை, அழிப்பான், நிறம் ஊற்றும் வாளி என்று சின்னச் சின்னப் படங்களை வரிசையாக வைத்தார். 'ஃபட்பிட்ஸ்' என்ற வசதியால் படத்தைப் பெருப்பித்து ஒரு புள்ளியை மட்டும் தொட்டு மாற்றலாம். நம்மட பாடசாலைக் கணினி அறையில் 'பெயின்ட்' திறந்து கிறுக்கினோமே, அந்தப் பட்டையின் பாட்டன் இதுதான்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை செய்த வெயின் ராஸ்பேண்ட் 1970களிலேயே பி.டி.பி-11 கணினிக்கு ஒரு படப் பகுப்பாய்வு மென்பொருள் எழுதியவர். அது பெரிய இயந்திரம், ஒரு சிலருக்குத்தான் கிடைக்கும். 1987இல் அவர் மக்கின்டொஷுக்கு என்.ஐ.எச். இமேஜ் என்ற மென்பொருளை எழுதினார். அரசுப் பணத்தில் செய்தது, யாரும் இலவசமாக எடுக்கலாம். நுணுக்குக்காட்டியில் பார்த்த கலங்களை எண்ண, பரப்பளக்க, அடர்த்தி பார்க்க. மக்கின்டொஷில் பிறந்ததால் அந்தக் கணினிக்காரருக்குப் பழகிய கருவிப்பட்டை இதிலும் வந்தது. பென்சில், தூரிகை, அழிப்பான், வாளி எல்லாம் அளவுகோலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

பழக்கத்தால் மட்டும் வந்ததா? இல்லை. தேவையும் இருந்தது. இரத்தத் துளியில் இரண்டு கலம் ஒட்டிக்கொண்டிருந்தால் கணினி அதை ஒன்று என்று எண்ணும். பார்க்கிற ஆளுக்கு இரண்டு என்று தெரியும். நடுவில் ஒரு புள்ளி அகலக் கறுப்புக் கோடு போட்டால் எண்ணிக்கை சரியாகும். கண்ணாடியில் தூசு விழுந்து கலம் போலத் தெரிந்தால் அதை அழிக்க வேண்டும். இயந்திரத்தின் எண்ணிக்கையை மனிதக் கண் திருத்துகிற இடம் அது. பென்சில் இல்லாவிட்டால், பிழை என்று தெரிந்தும் பிழையான எண்ணைத்தான் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

ஆனால் திருத்துகிற கையும் ஏமாற்றுகிற கையும் பிடிப்பது ஒரே பென்சிலைத்தான். 1990இல் ஃபோட்டோஷொப் வெளிவந்தது. நிழற்படச்சுருளைக் கழுவி ஒட்டிய காலம் போய், ஆய்வுக் கட்டுரைப் படங்கள் கணினிக்கோப்புகளாகப் பத்திரிகைக்கு வரத் தொடங்கின. பிடிக்காத ஒரு கீற்றை அழிப்பதும், தேவையான ஒன்றைப் பிரதி எடுத்து ஒட்டுவதும் லேசாகிப்போனது. 2002இல் கல உயிரியல் துறையின் பெயர் பெற்ற சஞ்சிகை ஒன்றில் மைக் ரோஸ்னர், ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களை எல்லாம் அச்சுக்கு முன் பரிசோதிக்கும் நடைமுறையைக் கொண்டுவந்தார். அவர்கள் வைத்த விதி எளிமையானது. படம் முழுவதையும் ஒரே மாதிரி வெளிச்சமாக்கலாம், மங்கலாக்கலாம். படத்தின் ஒரு துண்டை மட்டும் கூட்டவோ, குறைக்கவோ, நகர்த்தவோ, புகுத்தவோ கூடாது.

2016இல் எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் இன்னும் இருவரும் 40 சஞ்சிகைகளில் வந்த 20,621 கட்டுரைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 3.8 வீதமான கட்டுரைகளில் ஒரே படம் பொருந்தாத இடங்களில் திரும்ப வந்திருந்தது. அவற்றில் குறைந்தது பாதி, வேண்டுமென்றே செய்தது போலத் தெரிந்தது. இத்தனையையும் கண்டுபிடித்தது மென்பொருள் இல்லை, பிக்கின் கண். நூற்றுக்கு நாலு என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றலாம். அந்தக் கட்டுரைகளை நம்பி மருந்து தேடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சண்டைக்கு நடுவில் ராஸ்பேண்டின் மென்பொருளும் மாறியது. 1997இல் அவர் ஜாவா மொழியில் புதிதாக எழுதத் தொடங்கியதுதான் இமேஜ்-ஜே. எந்தக் கணினியிலும் ஓடும், இதுவும் இலவசம். இன்று உலகத்தில் நுணுக்குக்காட்டி இருக்கிற ஆய்வுகூடங்களில் இதை அறியாத இடம் குறைவு. இதன் கருவிப்பட்டையைக் கவனித்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். முன்வரிசையில் நிற்பவை சதுரம், வட்டம், பல்கோணம், கோடு போன்ற தெரிவுக் கருவிகள். இவற்றால் வரைந்தால் மஞ்சள் கோடு ஒன்று படத்தின் மேல் மிதக்கும். அடியில் உள்ள எண் ஒன்றும் மாறாது. அந்தக் கோட்டைத் தனிக் கோப்பாகச் சேமிக்கலாம், இன்னொருவருக்கு அனுப்பலாம், அவர் அதே படத்தில் வைத்துப் பார்க்கலாம். பல கோடுகளைச் சேர்த்து மேலடுக்காகவும் வைக்கலாம். பென்சிலும் தூரிகையும் வாளியும் இருக்கின்றன, ஆனால் கூடுதல் கருவிகளாக, கொஞ்சம் தள்ளி. அவை மட்டும்தான் எண்ணைத் தொடும்.

எங்களுக்கு இந்தக் கதையில் விளங்கியது இதுதான். வரைவது குற்றமில்லை. வரையாமல் அளக்கவே ஏலாது. கேள்வி, கோடு மூலத்தைத் தின்றுவிட்டதா, இல்லை மூலத்துக்கு மேலே தனியாகக் கிடக்கிறதா என்பதுதான். செவ்வாயை நிறம் தீட்டியவர்களின் சுவரில் எண் அடியில் இருந்தது. நாங்கள் ஒலுவிலில் செய்த வேலையில் எண் அழிந்துபோனது.

இப்ப இன்னொரு படி வந்திருக்கு. 2015இல் ஜேர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் யூ-நெட் என்ற கணினி வலையமைப்பைச் செய்தார்கள். நுணுக்குக்காட்டிப் படத்தில் கலத்தின் எல்லையை அது தானே வரையும். அதற்குப் பழக்கக் கொடுத்த படத்தொகுதிகளில் ஒன்றில் இருந்தது 30 படங்கள்தான். அந்த 30லும் எது எல்லை, எது உள்ளே என்று புள்ளி புள்ளியாகக் குறித்தவர்கள் மனிதர்கள். ஆகவே செயற்கை நுண்ணறிவு வரைந்தது என்று சொல்லும் கோட்டுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் பென்சில் இருக்கிறது. அவர் ஒரு புள்ளி தள்ளி வரைந்து பழக்கினால் இயந்திரமும் ஆயிரம் படத்தில் ஒரு புள்ளி தள்ளித்தான் வரையும்.

சரி, கலமும் செவ்வாயும் இருக்கட்டும். நம்மட கரைக்கு இதில் என்ன?

நம்மட ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருக்கிப் பிடித்த ஒரு துண்டு நிலம். 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேல். அதற்குப் பிறகு அரசு கரையோரத்தில் கட்டடம் கட்டக்கூடாத எல்லை ஒன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னால் தளர்த்தினார்கள், இடத்துக்கு இடம் மாற்றினார்கள். மருதமுனையில் '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்றே ஒரு இடத்துக்குப் பெயர் விழுந்துவிட்டது. ஒரு அளவு ஊர்ப் பெயர் ஆகிப்போன கதை அது.

இப்ப அந்த அளவுகளைப் புள்ளிகளாக மாற்றிப் பாருங்கள். லேண்ட்சாட் படத்தில் 200 மீற்றர் என்பது 7 புள்ளிக்கும் குறைவு. 65 மீற்றர் 2 புள்ளியும் கொஞ்சமும். எல்லைக்குள்ளே ஒரு வீடு, வெளியே ஒரு வீடு. நடுவில் ஒரு புள்ளி. அந்த அளவைகள் லேண்ட்சாட் படத்தை வைத்து நடந்தன என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு புள்ளி எவ்வளவு பெரியது என்பதைத்தான் சொல்கிறோம். ஒரு வளவும் வீடும் கிணறும் அதற்குள் அடங்கிவிடும்.

அந்தக் காலத்துப் படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2003 மே மாதக் கடைசியில் லேண்ட்சாட்-7இன் ஒரு பாகம் பழுதாகி, அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பு வரிகளாக விடுபட்டது. அந்த இடைவெளியை வேறு திகதியில் எடுத்த படத்திலிருந்து எடுத்து நிரப்பலாம். நிரப்பினால் படம் பார்க்க முழுசாக இருக்கும். ஆனால் ஒரு வரி தையில் இருந்த கரை, பக்கத்து வரி ஆடியில் இருந்த கரை என்று ஆகிவிடலாம். நிரப்பினது எது என்று குறித்து வைக்காவிட்டால், அதுவும் மூலத்தைத் தின்ற பென்சில்தான்.

ஒலுவில் துறைமுக வேலை 2008இல் தொடங்கி 2013இல் திறந்தார்கள். அதே 2008இல்தான் லேண்ட்சாட் படக் களஞ்சியத்தை உலகம் முழுவதுக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். எந்த வருசம் கரை எங்கே இருந்தது என்று யாரும் போய்ப் பார்க்கலாம். நம்மட கரையில் மணல் வருசம் முழுதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்குக்குத்தான் நகர்கிறது. கடலுக்குள் கல் அணை நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். ஒலுவிலிலும் அதுதான் நடந்தது. துறைமுக வாயை மணல் மூடியது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் அரித்தது. வாயைத் தோண்டித் தா என்று தோணிக்காரர் ஒரு பக்கம், எங்கட காணி போகுது என்று கரையில் இருப்போர் மறுபக்கம். இரண்டு பேரும் நம்மட ஆட்கள். இப்படியான வழக்கில் எத்தனை மீற்றர் போனது என்ற எண் யாரோ ஒருவரின் நட்டஈடு. அதில் 30 மீற்றர் புது நிலம் முளைத்தால் அது விளையாட்டு இல்லை.

நாங்கள் படத்தைக் கொண்டுபோய்க் கரைவலை இழுக்கிற ஒரு மாமாவிடம் காட்டினோம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எந்த மாசத்துப் படம் மகன்?" ஒன்று மாசி, மற்றது ஆவணி என்றோம். "மாரியில கடல் ஏறி மணலக் கொண்டு போகும். கச்சான் காலத்தில அதே மணல் திரும்பி வரும். இரண்டு மாசத்தையும் ஒண்டா வெச்சு அளந்தா கடலு உங்களப் பார்த்துச் சிரிக்கும்." கோட்டின் அகலத்தைப் பற்றி மட்டும் நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். மாசத்தை யோசிக்கல்ல.

திரும்பச் செய்தோம். இந்த முறை இரண்டு படமும் ஒரே பருவத்தில் எடுத்தவை. மூலத்தைத் தனிக் கோப்புறையில் பூட்டி வைத்தோம், வேலை எல்லாம் பிரதியில். பென்சிலைத் தொடல்ல, தெரிவுக் கோடு மட்டும். மூன்று பேர் ஒருவர் வரைந்ததை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகக் கரையை வரைந்தோம். மூன்று கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் பல இடங்களில் ஒட்டி நின்றன, சில இடங்களில் ஒன்றிரண்டு புள்ளி விலகின. கடலும் தரையும் ஒரே புள்ளிக்குள் கலந்து சாம்பல் நிறமாகத் தெரிகிற இடங்கள் அவை. அங்கே கரை இங்கேதான் என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. ஆகவே ஒரு எண்ணைச் சொல்லாமல், இவ்வளவுக்கும் இவ்வளவுக்கும் இடையில் என்று எழுதி வைத்திருக்கிறோம். மூன்று கோட்டுக் கோப்பும், வரைந்தவர் பெயரும், படத்தின் திகதியும் பக்கத்தில் இருக்கு.

கேட்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் தருவோம். நீங்களும் அதே படத்தைத் திறந்து நாலாவது கோட்டை வரையுங்கள். எங்கட கோடு பிழை என்றால் சொல்லுங்கள். அழிக்க மட்டும் வேண்டாம், பக்கத்தில் உங்கட கோட்டைப் போடுங்கள்.